கயிற்றில் தொங்கிய சாவி

பெக்கி சாட்லருக்குக் கோபம் வந்தால் முதலில் அடி வாங்குவது பாத்திரங்கள்தான். அவள் வேலை பார்த்த பள்ளிக்கூடச் சமையல்கட்டில் எல்லாருக்கும் இது தெரியும். உருளைக்கிழங்கு மசிக்கிற சட்டி தொட்டிக்குள் விழுகிற சத்தத்தை வைத்தே, அன்றைக்கு லிப்ட் ஓடவில்லையா, மாடிப்படியில் எவனாவது மூத்திரம் போய்விட்டானா, நகராட்சிக் கவுன்சிலிலிருந்து கடிதம் வந்ததா என்று மற்றப் பெண்கள் சொல்லிவிடுவார்கள். ஐம்பத்தெட்டு வயது, குட்டையான உருவம், கை மட்டும் இறைச்சிக் கடைக்காரன் கை. பிஸ்கட் தொழிற்சாலையில் இருபது வருஷம் தட்டுத் தூக்கி வந்த கை அது. தொழிற்சாலையை மூடினார்கள். கை மட்டும் மிச்சம்.

வடக்கு லண்டனில் ஹார்டன் குடியிருப்பு என்றால் டாக்சிக்காரன் வண்டியை வாசலோடு நிறுத்திவிடுவான். கேட்லிங் தெருவை இடித்துவிட்டு, அங்கே இருந்த குடும்பங்களை எல்லாம் அள்ளிக்கொண்டு வந்து கவுன்சில் இங்கே அடுக்கியது. குளியலறை கொடுத்தார்கள், வெந்நீர் கொடுத்தார்கள், வாஸ்தவம். பதிலுக்குத் தெருவைப் பிடுங்கிக்கொண்டார்கள். தெரு இருந்த இடத்தில் மூன்றாவது மாடியில் நீளமாக ஒரு தாழ்வாரம், ஒரு பக்கம் வரிசையாகக் கதவுகள், மறுபக்கம் மார்பளவு சுவர். தாழ்வாரத்தில் நாலு விளக்கு. நாலும் உடைந்து வருஷக்கணக்காயிற்று.

கேட்லிங் தெருவிலிருந்து பெக்கி கூடவே கொண்டுவந்தது ஒரு கயிறு. அந்தத் தெருவில் எல்லா வீட்டிலும் அது இருந்தது. கதவுக்கு உட்புறம், தபால் போடுகிற துவாரத்துக்குக் கீழே, கயிற்றில் சாவி தொங்கும். துவாரத்தில் இரண்டு விரலை விட்டு இழுத்தால் சாவி வெளியே வரும். பிள்ளைகள் பள்ளி விட்டு வந்தால் திறந்துகொள்ளும். பக்கத்து வீட்டுக்காரி சர்க்கரை கேட்டு வந்தால் திறந்து எடுத்துக்கொண்டு போவாள். ஹார்டனுக்கு வந்தபின் ஒவ்வொருத்தராகக் கயிற்றை அறுத்துவிட்டு இரண்டாவது பூட்டு வாங்கி மாட்டினார்கள். பெக்கி மட்டும் அறுக்கவில்லை. அறுக்கவும் முடியாது. உள்ளே ஸ்டான் படுத்திருந்தான்.

ஸ்டான் அவள் புருஷன். முப்பது வருஷம் பஸ் கண்டக்டர். இரண்டு வருஷத்துக்கு முன் பக்கவாதம் வந்து வலது பக்கத்தையும் பேச்சையும் ஒரே நாளில் கொண்டுபோனது. பெக்கி சமையல்கட்டில் இருக்கிற நேரத்தில், பக்கத்து வீட்டு வெர்னா மதியம் கயிற்றை இழுத்து உள்ளே வந்து அவனுக்கு டீ கொடுத்து, தலையணையைத் திருப்பிப் போட்டுவிட்டுப் போவாள். ஜமைக்காவிலிருந்து வந்தவள், ஆஸ்பத்திரியில் ராத்திரி வேலை. சனிக்கிழமைகளில் அவள் மகன் கிளிப்டன் வந்து ஸ்டானைத் தூக்கிக்கொண்டுபோய்க் குளிப்பாட்டுவான். பத்தொன்பது வயது, கதவு உயரம். ஸ்டானின் பழைய சிநேகிதன் ஒருவனிடம் பெக்கி போய் நின்று சொல்லி, கிளிப்டனுக்கு பஸ் டிப்போவில் மெக்கானிக் பயிற்சி வேலை கிடைத்திருந்தது. அடுத்த திங்கட்கிழமை போய்ச் சேரவேண்டும்.

சுரங்கத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் தோற்ற எண்பத்தைந்தாம் வருஷம் அது. அக்டோபர் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. பெக்கி வேலை முடிந்து படியேறி வந்தபோது வீட்டுக் கதவு அகலத் திறந்து கிடந்தது. வெர்னா கோட்டைக் கழற்றாமல் நடுவீட்டில் நின்றுகொண்டிருந்தாள்.

“நான் வந்தப்பவே இப்படித்தான் கெடந்துச்சு பெக்கி. கீழ போயி போலீசுக்குப் போன் பண்ணிட்டேன். ஸ்டானுக்கு ஒண்ணுமில்ல. ஆனா அழுவுறாரு.”

டிவி போயிருந்தது. ஸ்டானின் தலைமாட்டில் இருந்த ரேடியோவும் போயிருந்தது. டிவியைக் கூட விடுங்கள். அந்த மனிதனுக்கு நாள் முழுக்க இருந்தது அந்த ரேடியோ ஒன்றுதான். குதிரைப் பந்தயம், குத்துச்சண்டை, கால்பந்து, மழை வருமா வராதா என்கிற செய்தி. இடது கையால் அதைத் திருகத் தெரியும். அது ஒன்று தெரிந்ததால்தான் தான் இன்னும் ஆள் என்று அவன் நினைத்துக்கொண்டிருந்தான்.

பட்டப்பகலில் ஒருவன் டிவியைத் தோளில் வைத்துக்கொண்டு அந்தத் தாழ்வாரம் முழுக்க நடந்து போயிருக்கிறான். எத்தனை கதவு, எத்தனை திரைச்சீலை! கேட்டால் யாரும் பார்க்கவில்லை.

வெர்னா போனபின் பெக்கி கட்டிலில் உட்கார்ந்து புருஷனின் முகத்தைப் பிடித்துத் திருப்பினாள். “ஆளைப் பார்த்தியா? தெரிஞ்சவனா? நான் ஒவ்வொரு பேரா சொல்றேன். ஆமான்னா கண்ணை மூடு.”

குடியிருப்பில் கைநீளம் என்று பேர் வாங்கிய எல்லாரையும் சொன்னாள். ஸ்டான் கண்ணை மூடவில்லை. அவளுக்கு அலுத்துவிட்டது. எழுந்திருக்கும்போது வேண்டாவெறுப்பாக, “லில்லோட பையன் ரே இல்லையே?” என்றாள்.

ஸ்டான் கண்ணை மூடினான். மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது.

பின்னால் கோர்ட்டில் ரேயே ஒத்துக்கொண்டான். கயிறு இருப்பது சின்ன வயதிலிருந்தே தெரியுமாம். உள்ளே போனவன் கட்டிலைப் பார்த்து, “எப்படி இருக்கீங்க ஸ்டான் மாமா?” என்று கேட்டானாம். கேட்டுவிட்டு ரேடியோ ஒயரைப் பிடுங்கினானாம். அந்த மரியாதையை நினைத்தால்தான் பெக்கிக்கு இன்றைக்கும் வயிறு எரியும்.

லில் டாப்ஸ் என்பவள் பெக்கியோடு கேட்லிங் தெருவில் ஒன்றாக வளர்ந்தவள். இப்போது அதே தாழ்வாரத்தில் கடைசி வீடு. வியாழக்கிழமை தோறும் இருவரும் ஒன்றாகப் பிங்கோ சூதாட்டத்துக்குப் போவார்கள். லில்லின் மகன் ரேவுக்கு இருபத்தாறு வயது. நாற்காலி செய்கிற பட்டறையில் நல்ல வேலைக்காரன் என்று பேர் எடுத்தவன். பட்டறையை இழுத்து மூடியபின் அவனுக்குப் பகலும் ராத்திரியும் ஒன்றாயிற்று. பிறகு போதைப் பவுடர் வந்தது. கை நடுங்க, கன்னம் ஒட்டி, தாயின் கல்யாண மோதிரத்தையே விற்றவன்.

அன்று சாயங்காலமே பெக்கி போனாள். வீட்டில் திருட்டுப் போனால் கேட்லிங் தெருக்காரி முதலில் போவது திருடினவனின் தாயிடம்.

லில் அடுப்பில் சாசேஜ் வறுத்துக்கொண்டிருந்தாள். “வாடி. என்ன மூஞ்சி இப்படி இருக்கு, பள்ளிக்கூடத்துல கஸ்டர்டு கருகிடுச்சா?”

“ரே எங்கடி?”

“வெளிய. ஏன்?”

“என் வீட்டு ரேடியோ எங்கன்னு அவன்கிட்ட கேக்கணும்.”

லில் முள்கரண்டியைக் கீழே வைத்தாள். “யாரு சொன்னது?”

“ஸ்டான்.”

“ஸ்டானா! ஸ்டான் எப்படிடி சொல்லுவான்? பேச்சு வந்துடுச்சா? பேப்பர்ல போடச் சொல்லு.”

அந்த நக்கலுக்கு அவளை அங்கேயே அறைந்திருக்கலாம். பெக்கி அறையவில்லை. “வெள்ளிக்கிழமைக்குள்ள ரேடியோ என் வாசல்ல இருக்கணும் லில். வேற ஒண்ணும் கேக்கல. எவன் வச்சான்னு கூடப் பார்க்க மாட்டேன்.”

“என் பையன் உன் வாசப்படி மிதிக்கலடி. பக்கத்து வீட்ல கேளு. கயித்தை தினமும் இழுக்கறவ யாரு?”

பெக்கி கதவைச் சாத்தின சாத்தலில் தாழ்வாரமே அதிர்ந்தது.

மறுநாள் போலீஸ் வந்தது. கூப்பிட்டு ஒரு நாள் கழித்து. சார்ஜென்ட் ஹோல்ட் என்பவன், மீசைக்காரன், அரைக்கிழவன். தொப்பியைக் கழற்றாமலே வீட்டைச் சுற்றிப் பார்த்தான். கதவைப் பார்த்தான். பூட்டைத் தொட்டான். கயிற்றைப் பிடித்து இழுத்து, சாவி வெளியே வந்ததும் சிரித்தான்.

“உடைக்கவே இல்லியே. சாவியை நீங்களே குடுத்திருக்கீங்க. மேசை மேல டீயும் பிஸ்கட்டும் வச்சிட்டுப் போயிருக்கலாமே மேடம்.”

“இந்தத் தாழ்வாரத்துல லைட்டு இல்லன்னு எத்தனை தரம் சொல்லியிருக்கோம்? அதுக்கு வந்திருக்கீங்களா ஒரு தரம்? மார்க்கெட்ல பசங்க கும்பலா நின்னா மட்டும் மூணு வேன்ல வர்றீங்க.”

“லைட்டு கவுன்சில் வேலை. சரி, இந்தக் கயிறு இருக்கறது யாருக்குத் தெரியும்?”

“கேட்லிங் தெருக்காரங்க எல்லாருக்கும்.”

“இப்ப யாரு இழுக்கறாங்க?”

“வெர்னா. பக்கத்து வீடு. என் புருஷனுக்கு டீ குடுக்க.”

“அவங்க வீட்ல வேற யாரு?”

“மகன் கிளிப்டன். சனிக்கிழமை இவரைத் தூக்கிக் குளிப்பாட்டுவான். தங்கமான பையன்.”

சார்ஜென்ட் தலையாட்டினான். கைரேகை எடுக்கப் பொடி தடவுகிறவனைக் கூப்பிட்டுக் கட்டிலின் இரும்புச் சட்டத்தையும், ரேடியோ இருந்த பலகையையும் காட்டினான். வேலை செய்கிறார்கள், பரவாயில்லை என்று பெக்கி நினைத்தாள். தான் சொன்னது என்ன, அவன் எடுத்துக்கொண்டது என்ன என்பது அப்போது அவளுக்கு உறைக்கவில்லை.

வியாழக்கிழமை காலை, மதியச் சாப்பாட்டுக்கு ஈரல் நறுக்கிக்கொண்டிருக்கையில் வெர்னா சமையல்கட்டு வாசலில் வந்து நின்றாள். வீட்டுச் செருப்போடு ஓடி வந்திருந்தாள்.

“கிளிப்டனைப் புடிச்சிட்டுப் போயிட்டாங்க. தாழ்வாரம் முழுக்க இழுத்துட்டுப் போனாங்க பெக்கி. பனியன் போடக்கூட விடல. உன் கட்டில் மேல அவன் கைரேகை இருக்காம்.”

“இருக்கத்தான் செய்யும்! வாரா வாரம் புடிச்சுத் தூக்கறானே!”

“அதை என்கிட்ட சொல்லாத. அங்க போயி சொல்லு.” வெர்னா அவளை உற்றுப் பார்த்தாள். “யாருன்னு உனக்குத் தெரியும். செவ்வாக்கிழமையே நீ லில் வீட்டுக்குப் போனதைப் பார்த்தேன். கதவு சாத்தின சத்தமும் கேட்டேன். சொல்லிடு பெக்கி. திங்கக்கிழமை அவன் டிப்போவுல நிக்கணும். கோர்ட்டுல இல்ல.”

பெக்கி ஏப்ரனோடு போலீஸ் நிலையத்துக்கு நடந்தாள். வழியெல்லாம் அவளுக்கு அப்பா ஞாபகம். துறைமுகத்தில் புகையிலைப் பொட்டலம் எடுத்துவந்ததற்காக அவரைப் போலீசில் சொன்னவள் எதிர்வீட்டுக்காரி. அவள் வீட்டு ஜன்னலைத் தெருவே சேர்ந்து உடைத்தது. கண்ணாடி மாற்ற மாற்ற உடைத்தார்கள், குடும்பம் ஊரைவிட்டுப் போகிற வரைக்கும். அந்தக் கல்லில் ஒன்று பெக்கி எறிந்தது. எட்டு வயது. குறி தப்பவில்லை என்று அப்பாவே தோளைத் தட்டினார்.

சார்ஜென்ட் ஹோல்ட் மேசைக்குப் பின்னால் சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தான்.

“அவன் இல்ல,” என்றாள் பெக்கி.

“அப்ப யாரு?”

அவள் வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள்.

“பாருங்க மேடம். வீட்ல பொருள் போச்சு. ரேகை கெடச்சுது. ரேகைக்காரனும் கெடச்சான். அவன் இல்லன்னா வேற பேர் குடுங்க. சும்மா வந்து ‘அவன் இல்ல’ன்னா நான் என்ன செய்ய? உங்க குடியிருப்புல ஒருத்தனும் வாயைத் தொறக்கறதில்ல. அப்புறம் போலீஸ் ஒண்ணும் கிழிக்கலன்னு பேப்பருக்கு எழுதறீங்க.”

“அவன் இல்லன்னு எனக்குத் தெரியும்.”

“எனக்கும் ராணி வீட்ல டீ குடிக்கத் தெரியும். போயிட்டு வாங்க.”

திரும்பி வந்தபோது வெர்னா தாழ்வாரத்தில் நின்றிருந்தாள். பெக்கியின் முகத்தைப் பார்த்தாள். உள்ளே போய்க் கதவைச் சாத்தி, ஒன்று, இரண்டு, மூன்று என்று எல்லாப் பூட்டையும் போட்டுக்கொண்டாள். அன்று மதியம் ஸ்டானுக்கு யாரும் டீ கொடுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. பெக்கியின் வாசலில் ரேடியோ இல்லை.

அன்று மாலை குடியிருப்பு மண்டபத்தில் கூட்டம். முன்பே ஏற்பாடானது. ஜூடித் என்று ஒரு பெண், கல்லூரிக்காரி, ஈரக் குடையோடு மாசக்கணக்கில் கதவு கதவாகத் தட்டி, உங்கள் வீட்டில் என்ன திருட்டுப் போனது, உங்களை யார் அடித்தார்கள், இருட்டினபின் வெளியே போகிறீர்களா, போலீசைக் கூப்பிட்டால் வருகிறார்களா என்று கேட்டுப் போயிருந்தாள். அதைப் பற்றிப் பேசத்தான் கூட்டம். பிளாஸ்டிக் நாற்காலி, பெரிய பாத்திரத்தில் கொதித்துக் கசந்த டீ. முன்வரிசையில் கவுன்சிலர் மார்கம். நெஞ்சு முழுக்கப் பேட்ஜ் குத்திக்கொள்கிற இளைஞன், நல்லவன்தான். அவன் பக்கத்தில் சார்ஜென்ட் ஹோல்ட். மூன்றாவது வரிசையில் லில். கடைசியில், கதவோரம், கோட்டுப் பித்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு வெர்னா.

கவுன்சிலர் எழுந்தான். “நண்பர்களே, குற்றம் குற்றம்னு பேப்பர்காரங்க போடற கூச்சல்ல பாதி உங்களைப் பயமுறுத்தறதுக்குத்தான். பயந்தவங்க பக்கத்து வீட்டுக்காரனைச் சந்தேகப்படுவாங்க. உண்மையான திருடங்க பாங்க்ல உக்காந்திருக்காங்க. மூடின பட்டறைங்களைப் பாருங்க...”

“பாங்க்காரனா வந்து என் பென்ஷன் பையைப் பிடுங்கினான்?” என்றது பின்னாலிருந்து ஒரு குரல். மண்டபம் சிரித்தது. சந்தோஷமான சிரிப்பு இல்லை.

சார்ஜென்ட் எழுந்தான். “தகவல் குடுங்க. நீங்க குடுத்தா நாங்க புடிப்போம். இந்த வாரம் கூட ஒருத்தனைப் புடிச்சிருக்கோம்.”

ஜூடித் எழுந்தாள். “கவுன்சிலர் சொன்னது சரியில்ல. நான் போன வீடுகள்ல பாதிக்கு மேல ஏதாவது நடந்திருக்கு. பயம் பேப்பர்ல இருந்து வரல, படிக்கட்டுல இருந்து வருது. எடுக்கறவங்களும் தூரத்துல இருந்து வரல. இல்லாதவங்க வீட்ல இல்லாதவங்க எடுக்கறாங்க. சார்ஜென்ட் சொல்றதும் சரியில்ல. சும்மா நிக்கற பசங்களைப் புடிச்சுச் சோதனை போடறதுனாலதான் யாரும் உங்ககிட்ட வாயைத் தொறக்கறதில்ல.”

பெக்கிக்கு அடக்க முடியவில்லை. எழுந்தாள். நாற்காலி பின்னால் விழுந்தது.

“இதைச் சொல்றதுக்கு உனக்கு இத்தனை மாசமா கண்ணு? நாங்க வருஷக்கணக்கா கத்தறோமே!”

“நீங்க கத்தினீங்க,” என்றாள் ஜூடித். “இவங்க கேக்கல. அதனாலதான் எண்ணிக்கிட்டு வந்தேன்.”

வந்த கோபம் அந்தப் பெண்ணைத் தாண்டி முன்வரிசைக்குப் போனது.

“கவுன்சிலர் தம்பி. என் புருஷன் வாய் பேச முடியாம படுத்திருக்கான். அவன் கண்ணு முன்னால ரேடியோவைப் புடுங்கிட்டுப் போனான் ஒருத்தன். பட்டறையை மூடினவன் அயோக்கியன்தான். அந்த அயோக்கியன் வீட்டு ரேடியோ போகலியே! எங்களுக்கு மேல கெடக்கறவனும் எங்ககிட்ட எடுக்கறான், பக்கத்துல கெடக்கறவனும் எங்ககிட்டயே எடுக்கறான். நீங்க ஒருத்தனைப் பத்தி மட்டும்தான் பேசறீங்க.” மூச்சு வாங்கிக்கொண்டாள். “சார்ஜென்ட். கூப்பிட்டா வாங்க. கூப்பிடாதப்ப வராதீங்க. இது ரெண்டுதான் நாங்க கேக்கறது. நீங்க ரெண்டையும் தலைகீழா செய்யறீங்க. வெர்னா மகனைப் பனியன் கூட இல்லாம இழுத்துட்டுப் போனீங்களே, அவன் என்ன செஞ்சான்? என் புருஷனைக் குளிப்பாட்டினான். அந்தக் கைரேகைக்கு ஜெயிலா?”

“அப்ப யாருன்னு சொல்லுங்க,” என்றான் சார்ஜென்ட்.

டீப் பாத்திரம் மட்டும் கொதித்தது. பெக்கி மூன்றாவது வரிசையைப் பார்த்தாள். லில் மெதுவாகத் தலையை ஆட்டினாள், வேண்டாம் என்று. ஐம்பது வருஷச் சிநேகிதம் அந்தத் தலையாட்டலில் இருந்தது. பெக்கி திரும்பிக் கதவோரம் பார்த்தாள். வெர்னா தலையை ஆட்டவில்லை. சும்மா பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ரே டாப்ஸ்,” என்றாள் பெக்கி. “செவ்வாக்கிழமையே எனக்குத் தெரியும். ஸ்டான் சொன்னான். வாயால சொல்லல. ஆனா சொன்னான்.”

“காட்டிக்குடுக்கறவளே!” லில் எழுந்துவிட்டாள். “உங்கப்பனைக் காட்டிக்குடுத்தவ வீட்டுல கல்லு எறிஞ்சவதானேடி நீ! என் மகன் வேலையில்லாம சாவறான், உனக்கு ஒரு ரேடியோ பெரிசாப் போச்சா?”

“எங்கப்பன் கப்பல்காரன் சரக்கை எடுத்தான். உன் மகன் படுத்துக் கெடக்கறவன் தலைமாட்டுல எடுத்தான். அவனுக்கு வேலை வேணும்னா நானும் வந்து கத்தறேன் லில். தொண்டை கிழியக் கத்தறேன். அதுக்காக வெர்னா மகன் உள்ள போகணுமா?”

“ஆதாரம் வேணும்,” என்றான் சார்ஜென்ட், யாருக்கும் பொதுவாக.

அப்போது பக்கவாட்டில் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. மீன்கடை சிட், தொப்பியைக் கையில் கசக்கிக்கொண்டு எழுந்து நின்றான். “ரேடியோ என் வீட்ல இருக்கு பெக்கி. ரே பப்புல வச்சு வித்தான். ரெண்டு கிளாஸ் பீர் வாங்கிக் குடுத்தேன். யாருதுன்னு... கேக்கல.”

“கேக்கலியா! ஸ்டானோட ரேடியோவை உனக்குத் தெரியாதா? அவன் பக்கத்துல உக்காந்து எத்தனை பந்தயம் கேட்டிருக்க! இந்த வாரமும் கேட்டியா சிட்? எந்தக் குதிரை ஜெயிச்சுது?”

சிட் தொப்பியைப் பார்த்துக்கொண்டு நின்றான். அதற்குப் பிறகு இன்னொருத்தி எழுந்து, டிவியோடு ரே படியிறங்கினதைத் தானும் பார்த்ததாகச் சொன்னாள். பின் இன்னொருவர். பார்க்காத தாழ்வாரம் திடீரென்று எல்லாவற்றையும் பார்த்திருந்தது. பெக்கிக்கு அதில் சந்தோஷம் வரவில்லை. செவ்வாய்க்கிழமையிலிருந்து இத்தனை வாயும் எங்கே இருந்தது என்று கேட்க வந்தது. தன் வாய் மட்டும் எங்கே இருந்தது? கேட்கவில்லை.

சார்ஜென்ட் அவளை வெளியே மடக்கினான். “நிலையத்துக்கு வந்து கையெழுத்துப் போடுங்க. மத்ததை நான் பார்த்துக்கறேன்.”

“போடறேன். கிளிப்டனை வீட்ல விட்டபின்னாடி.”

“விட்டுடுவோம். அவனே நடந்து வருவான்.”

“இல்ல. எப்படிக் கூட்டிட்டுப் போனீங்களோ அப்படிக் கூட்டிட்டு வாங்க. பகல்ல. அதே தாழ்வாரத்துல. நீங்களே. எல்லாரும் பார்க்கணும்.”

“நாங்க டாக்சி ஓட்டல மேடம்.”

“அப்ப கையெழுத்து இல்ல. சிட்டும் போட மாட்டான். சிட்! போடுவியா?”

“மாட்டேன்,” என்றான் சிட், பின்னாலிருந்து. மீன்காரனுக்கு அன்றைக்குப் போலீசை விட அவளிடம்தான் பயம்.

சனிக்கிழமை காலை வேன் வந்து நின்றது. லிப்ட் ஓடவில்லை. சார்ஜென்ட் ஹோல்ட் மூச்சிரைக்கப் படியேறி வந்தான். முன்னால் கிளிப்டன். யாருடையதோ ஒரு ஸ்வெட்டர் போட்டிருந்தான், கை மணிக்கட்டுக்கு மேலே நின்றது. கீழுதடு வெடித்திருந்தது. தாழ்வாரத்தில் திரைச்சீலைகள் அசைந்தன. கடைசி வீட்டுத் திரை அசையவில்லை. அதிகாலையிலேயே ரேயைப் பிடித்துப் போயிருந்தார்கள்.

பெக்கி ஸ்டானைச் சக்கர நாற்காலியில் வைத்து வாசலுக்கு இழுத்து வந்திருந்தாள். கிளிப்டன் அவளைப் பார்க்காமலே கடந்தான். ஸ்டானிடம் மட்டும் ஒரு நொடி நின்றான். “இன்னிக்கு முடியாது மிஸ்டர் சாட்லர். கை வலிக்குது.”

ஸ்டானின் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது.

“அந்த உதடு எப்படிக் கிழிஞ்சுது?” பெக்கி சார்ஜென்ட்டின் வழியை மறித்தாள்.

“விழுந்துட்டான்.”

“எதுல, உன் கை மேலயா? மன்னிப்புக் கேளு அந்தத் தாய்கிட்ட.”

“கையெழுத்து,” என்றான் சார்ஜென்ட். மன்னிப்புக் கேட்கவில்லை. அன்றைக்கும் இல்லை, என்றைக்கும் இல்லை.

பெக்கி கையெழுத்துப் போட்டாள். பேனா தாளைக் கிழித்தது. வீட்டுக்கு வந்ததும் ரொட்டிக் கத்தியை எடுத்துக் கயிற்றை அறுத்தாள். சாவி போடுகிறவனிடம் போய்ப் புதுச் சாவி ஒன்று வெட்டிக்கொண்டு வந்து வெர்னாவின் கதவைத் தட்டினாள்.

மூன்று பூட்டும் திறக்க நேரமாயிற்று. வெர்னா சாவியைப் பார்த்தாள், கை நீட்டவில்லை.

“வச்சுக்க மாட்டேன்.”

“கயித்தை அறுத்துட்டேன் வெர்னா. ஸ்டானுக்கு...”

“அடுத்த தரம் உன் வீட்ல ஒரு கரண்டி காணாமப் போனா, உன் வீட்டுச் சாவி யாரு பையில இருக்கும்? யாரு மகனை இழுத்துட்டுப் போவாங்க? நான் முட்டாள் இல்ல பெக்கி.”

பெக்கி சாவியோடு நின்றாள். அவள் வாழ்நாளில் கோபத்துக்கு ஆள் கிடைக்காமல் நின்றது அன்றைக்குத்தான். ஆள் இல்லாமல் இல்லை, நிறையப் பேர் இருந்தார்கள். ஆனால் எதிரில் நிற்பவள் மேல் கோபப்பட அவளுக்கு உரிமை இல்லை.

திங்கட்கிழமை கிளிப்டன் விடிகாலையில் டிப்போவுக்குப் போனான். வெடித்த உதட்டைப் பார்த்து போர்மேன் என்ன நினைத்தானோ, சேர்த்துக்கொண்டான். பெக்கியும் வேலைக்குப் போனாள். மதியம் ஸ்டானை நினைத்துக்கொண்டே, ஒரு அண்டாவைப் பாதி தேய்த்து அப்படியே போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினாள். படியில் கவுன்சில்காரர்கள் இரண்டு விளக்கு மாட்டியிருந்தார்கள். அதில் ஒன்றை அதற்குள் எவனோ உடைத்திருந்தான். திட்டிக்கொண்டே ஏறினாள்.

அவள் வீட்டுக் கதவு திறந்திருந்தது. காலையில் அதைப் பூட்டாமல் வெறுமனே சாத்திவிட்டுப் போனதே, கயிறும் இல்லாமல் வெர்னாவிடம் சாவியும் இல்லாமல் வேறு வழி தெரியாததால்தான். கதவுக்கு எதிரே, குளிர்காற்றடிக்கிற தாழ்வாரத்தில், சமையலறை நாற்காலியைப் போட்டுக்கொண்டு வெர்னா உட்கார்ந்திருந்தாள். ஆஸ்பத்திரி வேலைக்குப் போட்டுப் போகிற கனத்த கோட்டு, மடியில் பின்னல் ஊசி. அந்த வழியாக வருகிறவன் எவனும் அவளைத் தாண்டித்தான் போகவேண்டும். உள்ளே, சிட் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போன ஸ்டானின் ரேடியோவில் குதிரைகள் ஓடிக்கொண்டிருந்தன.

“டீ குடுத்தாச்சு,” என்றாள் வெர்னா, பின்னலிலிருந்து தலையைத் தூக்காமல். “இது உனக்காக இல்ல. ஸ்டானுக்காக.”

பெக்கி உள்ளே போய் இன்னொரு டீ போட்டு, பால் ஊற்றி, கொண்டுவந்து நீட்டினாள். வெர்னா கோப்பையை வாங்கிக்கொண்டாள்.

“ரெண்டு ராத்திரி பெக்கி. வியாழக்கிழமையே நீ வாயைத் தொறந்திருந்தா, அந்த ரெண்டு ராத்திரியும் என் பையன் வீட்ல படுத்திருப்பான்.”

“தெரியும்,” என்றாள் பெக்கி.

வெர்னா டீயைக் குடித்தாள். பெக்கி பாதி தேய்த்த அண்டாவுக்குத் திரும்பிப் போனாள். அன்று சமையல்கட்டில் விழுந்த சத்தத்துக்கு என்ன காரணம் என்று மற்றப் பெண்களால் சொல்ல முடியவில்லை.